சூசன்னா வெஸ்லி அம்மையார்

தோற்றுவாய்

பங்குனி கழிந்து சித்திரை பிறந்ததும் பள்ளிகள் ஒவ்வொன்றாய்க் கதவடைத்து விடுகின்றன. அதுகாறும் மணியோசைக்கு எழுந்து மணியோசைக்கு அடங்கிய சிறார்க்கு அன்றுமுதல் மணியென்பதே இல்லை. முதல் வாரம் களிப்பாய்க் கழிகின்றது. இரண்டாம் வாரத்தில் உறக்கம் மிகுகின்றது. மூன்றாம் வாரத்தில் பூசல் மிகுகின்றது. அதன்பின் பள்ளி திறக்கும் நாள் என்றோவென்று தாய்மார் விரல்விட்டு எண்ணத் தொடங்குகின்றனர். யாமும் இவ்வாறு கோடை கழித்தவரே. சென்ற விடுமுறையில் ஊர் சென்றபோது, படிக்கவென்று பெட்டி நிறைய நூல்களைக் கொண்டு சென்றோம். அவற்றுள் ஒன்றையேனும் முற்றப் படியாது அவ்வாறே சுமந்து திரும்பினோம். நேரம் இல்லாமையால் அன்று, நேரம் மிகுந்திருந்தமையால். வீட்டிலுள்ள சிறியோரும் எம்மைப் பார்த்து எம் வழியே நடந்தனர். அதனை எண்ணுந்தோறும் உள்ளம் உறுத்துகின்றது.

விடுமுறை நாட்கும் ஓர் ஒழுங்கு வேண்டுமோ? ஒழுங்கு புகுந்தால் வீடும் பள்ளியாகி விடாதோ? வீடு பள்ளியாகிவிடின் அன்புக்கு இடம் எங்கே? இவ்வினாக்கட்கு விடை தேடிய யாம், முந்நூறு ஆண்டுகட்கு முன்னர் இங்கிலாந்து தேசத்தில் வாழ்ந்த ஓர் அன்னையின் சரித்திரத்தில் நெடிது தங்கினோம். அவர்தம் பெண்மக்கள் பள்ளிக்குச் சென்றவர் அல்லர். ஆண்மக்களும் இளம்பருவத்தில் வீட்டிலேயே இருந்தனர். ஆகவே ஆண்டு முழுவதும் அவ்வன்னைக்குக் கோடை விடுமுறையே எனலாம். விடிந்தது முதல் அடையுமளவும் குழந்தைகள் அனைவரும் கண்முன் நின்றனர். ஒவ்வொரு நாளையும் அவரே வடித்தெடுக்க வேண்டியிருந்தது. அவர்தாம் ஜான் வெஸ்லி, சார்ல்ஸ் வெஸ்லி என்னும் பெரியோரை ஈன்ற சூசன்னா வெஸ்லி அம்மையார்.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1669-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 20-ஆம் நாள் இலண்டன் மாநகரில் தோன்றினார். தந்தையார் டாக்டர் சாமுவேல் அனெஸ்லி என்பார். அவர் இங்கிலாந்துத் திருச்சபையில் குருவாயிருந்து, 1662-இல் அரசாங்கம் விதித்த வழிபாட்டு ஒருமைச் சட்டத்துக்கு மனம் இசையாமையால் பதவியைத் துறந்து, தனிச்சபையாரின் தலைவர்களுள் ஒருவராய் விளங்கியவர். அவர்க்கு மக்கள் இருபத்தைவர் என்றும், சூசன்னாவே கடைக்குட்டி என்றும் கூறுவர்.

பெண்மக்கட்குக் கலாசாலைக் கதவு திறவாத காலம் அது. எனினும் தந்தையாரின் வீட்டில் நூல்கட்கும் அறிஞர்தம் உரையாடலுக்கும் குறைவில்லை. சிறுமி அவற்றைச் செவியாற் பருகினாள். பதின்மூன்று வயது நிரம்புமுன்னரே, இரு சபையாரின் வாதங்களையும் சீர்தூக்கி, தந்தையார் விட்டுவந்த திருச்சபையிலேயே தான் சேர்வதாக முடிவு செய்தாள். தந்தையார் அதற்காக மகளை வெறுத்தவர் அல்லர். மனச்சாட்சியின்பொருட்டுத் தாம் பதவி துறந்தவராதலின், மகளின் மனச்சாட்சிக்கும் மதிப்பளித்தார் போலும். குழந்தையையும் தன் உள்ளமுடைய ஓர் ஆளாக மதித்தல் வேண்டும் என்னும் பாடத்தை அம்மையார் கற்றது இங்கேதான் என்று எண்ண இடமுண்டு.

இல்லறமும் இடர்களும்

1688-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அவர் சாமுவேல் வெஸ்லி என்னும் இளங்குருவை மணந்தார். மணமகளுக்கு அப்போது வயது பத்தொன்பது. இதனை எழுதும் எமக்கும், இதனைப் படிக்கும் எம் தோழர் பலருக்கும் உள்ள வயதே. கணவர் ஆக்ஸ்போர்டிற் பயின்றவர், கவி இயற்றுபவர், விரைந்து சினப்பவர், பணம் கையில் தங்காதவர். பதினேழாம் நூற்றாண்டு முடியுந் தறுவாயில் லிங்கன்ஷயரைச் சார்ந்த எப்வொர்த் என்னும் சிற்றூரின் குருத்துவம் அவர்க்குக் கிடைத்தது. சதுப்பு நிலம் சூழ்ந்த ஊர் அது. ஊராரும் எளிதில் வயப்படாதவர். அங்கே அவர் ஏறக்குறைய நாற்பதாண்டு வாழ்ந்தார்.

அம்மையார் பெற்ற மக்கள் பத்தொன்பதின்மர். அவருள் ஒன்பதின்மர் மழலைப் பருவத்திலேயே மடிந்தனர். ஆண் மூவரும் பெண் எழுவருமாகப் பதின்மரே வளர்ந்து ஆளாயினர். 1702-இல் குருமனையின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. 1705-இல், தேர்தற் பூசலால் பகைமை கொண்ட ஒருவர் முடுக்க, முப்பது பவுனுக்கும் குறைந்த கடனுக்காகக் கணவர் லிங்கன் கோட்டைச் சிறையில் அடைபட்டார். அம்மையார் தம்மிடமிருந்த மோதிரங்களைக் கழற்றிச் சிறைக்கு அனுப்பினார். கணவர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். அக்காலத்தே யார்க் நகரத்துப் பேராயர் அம்மையாரைக் கண்டு, உணவுக்கு என்றேனும் முட்டுப்பாடு நேர்ந்ததுண்டோ என வினவினார். உணவு அறவே இல்லாத நாள் இல்லையெனினும், அதனைப் பெறுதற்கு முன்னும் அதற்குரிய விலை கொடுத்தற்குப் பின்னும் பட்ட கவலையால் அவ்வுணவே கசந்ததுண்டு என அம்மையார் விடையளித்தார்.

கணவன் மனைவியரிடையேயும் எப்பொழுதும் தென்றல் வீசிற்றில்லை. மூன்றாம் வில்லியம் மன்னருக்காகக் கணவர் செய்த ஜெபத்திற்கு மனைவியார் ஆமென் சொல்லவில்லை. அவர் உள்ளம் அம்மன்னரை உரிமையுள்ள அரசராக ஏற்கவில்லை. கணவர் வெகுண்டு இலண்டனுக்குச் சென்றுவிட்டார். 1702-இல் அம்மன்னர் இறந்தார். அதன்பின் இருவரும் மீண்டும் ஒன்றுபட்டனர். 1703-ஆம் ஆண்டு சூன் திங்களில் ஜான் பிறந்தார்.

இத்துணையும் ஈண்டு விரித்தது எற்றுக்கெனின், அம்மையார் வகுத்த நாளொழுங்கு செல்வமும் ஓய்வும் நிறைந்த வீட்டில் எழுந்ததன்று என்பதைக் காட்டுதற்கே. கடனும் நோயும் பிள்ளைப்பேறும் ஓயாத வீட்டிலேதான் அது எழுந்தது.

நாளொழுங்கு

1732-இல், வளர்ந்த மகனாகிய ஜான் வேண்டிக்கொண்டதன்பேரில், தாம் பிள்ளைகளை வளர்த்த முறையை அம்மையார் ஒரு கடிதத்தில் விரிவாக எழுதினார். அதனால் அவ்வீட்டின் ஒருநாள் எவ்வாறு கழிந்தது என்பதை இன்றும் நாம் கண்ணாற் கண்டாற்போல் அறியலாகும்.

பேச நாவெழுந்ததும் ஒவ்வொரு குழந்தையும் எழும்போதும் துயிலப் போகும்போதும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லக் கற்றது. உணவு நாளுக்கு மூன்று வேளை. இடையே உண்ணுதலும் பருகுதலும் நோயுற்றார்க்கன்றி இல்லை. பெரியோர் உண்ணும் மேசையின் அருகே சிறியோர்க்குச் சிறு மேசையும் சிறு நாற்காலிகளும் இட்டிருந்தனர். வேண்டியதை உரக்கக் கேட்டல் இல்லை. பரிமாறும் பணிப்பெண்ணிடம் மெல்லச் சொல்லவேண்டும். இட்டதை உண்ணவேண்டும். கத்தியும் முள்ளும் பிடிக்கக் கை பழகிய பின்னரே பெரிய மேசையில் இடம் கிடைத்தது.

மாலை ஆறு மணிக்குக் குடும்ப ஜெபம் முடிந்ததும் இராவுணவு. ஏழு மணிக்குப் பணிப்பெண் கடைக்குட்டி தொடங்கி ஒவ்வொருவராய்க் கழுவி உடை மாற்றுவாள். எட்டு மணிக்குள் அனைவரும் படுக்கையில் இருப்பர். தூக்கம் வருமளவும் அருகே யாரேனும் இருத்தல் என்பது அவ்வீட்டு வழக்கமன்று. பணிப்பெண் வெளியேறுவாள், குழந்தைகள் தாமே துயில்வர்.

ஐந்து வயது நிரம்பிய மறுநாள் எழுத்தறிவித்தல் தொடங்கும். அந்நாளில் வீட்டார் ஒவ்வொருவர்க்கும் வேலை முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலும் பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரையிலும் பயிலும் அறையினுள் எவரும் நுழையலாகாது. அவ்வொரு நாளில் ஆங்கில நெடுங்கணக்கு முழுவதையும் குழந்தை கற்றுவிடும். மாலி, நான்ஸி என்னும் இருவர் மட்டும் ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டனராம். மூத்த மகன் சாமுவேல் சில மணி நேரத்திலேயே கற்றுவிட்டான். அடுத்து எழுத்துக்கூட்டிப் படிக்கத் தந்தது சிறுவர் பாட்டுப் புத்தகம் அன்று. ஆதியாகமத்தின் முதல் அதிகாரமே. ஒரு வரி பிழையற வந்தபின் மறுவரி.

நாள்தோறும் ஆறு மணி நேரம் படிப்பு. காரணமின்றி இடம்விட்டு எழுந்து திரிதலும், முற்றத்தில் ஓடுதலும் அவ்வேளையில் இல்லை. ஆனால் பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் சங்கீதம் பாடினர். மாலை ஐந்து மணிக்கு ஓர் இனிய காட்சி நிகழும்: பிள்ளைகளுள் மூத்தவர் பேசத் தெரிந்தவருள் மிக இளையவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வார், இரண்டாமவர் அதற்கு அடுத்த இளையவரை, இவ்வாறே ஏனையோரும். இருவர் இருவராய்த் தனித்தமர்ந்து, அந்நாட்குரிய சங்கீதத்தையும் புதிய ஏற்பாட்டில் ஓர் அதிகாரத்தையும் படிப்பர். காலையிலும் உணவுக்கு முன்னர் அவ்வாறே சங்கீதமும் பழைய ஏற்பாட்டில் ஓர் அதிகாரமும். பெரிய பிள்ளைகளுக்குச் சிறியோர் சுமையாகாமல் பொறுப்பாயினர். சிறியோர்க்குத் தமையனும் தமக்கையும் ஆசிரியராயினர்.

வீட்டுச் சட்டங்கள்

குற்றங்குறைகளைத் திருத்துதற்கு அம்மையார் சில சட்டங்களையும் வகுத்திருந்தார். அவற்றுட் சில: பிழை செய்த குழந்தை தானே முன்வந்து ஒப்புக்கொண்டு திருந்துவதாகச் சொன்னால் அடியில்லை. அச்சமே குழந்தையைப் பொய்யனாக்குகின்றது என்று அவர் கண்டிருந்தார். ஒரு பிழைக்கு இருமுறை தண்டனை இல்லை. திருந்திய பின்னர் அதனைச் சொல்லிக் காட்டுதலும் இல்லை. தன் விருப்பத்திற்கு மாறாய்க் கீழ்ப்படிந்த குழந்தையை அப்பொழுதே பாராட்டவேண்டும். மகிழ்விக்க எண்ணி ஒரு குழந்தை செய்த செயல் செவ்வையாய் முடியாவிடினும், எண்ணத்தை ஏற்று அன்போடு வழிகாட்டவேண்டும். பிறர் பொருளை, அது ஒரு குண்டூசியே யாயினும், உடையவர் இசைவின்றித் தொடலாகாது. கொடுத்த வாக்கைக் காக்கவேண்டும். ஈந்த பொருளைத் திரும்பக் கேட்கலாகாது. இறுதியாக, நன்றாய்ப் படிக்கக் கற்கும்வரை எந்தப் பெண்குழந்தையையும் வீட்டுவேலையில் ஏவலாகாது. தையலை முன்வைத்துப் படிப்பைப் பின்வைப்பதாற்றான் பெண்டிருட் பலர் பிறர் கேட்கத் தெளிவாய்ப் படிக்கமாட்டாதவராயினர் என்பது அவர் கருத்து. இக்கருத்தை ஓர் அன்னை பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வீட்டுச் சட்டமாக்கினார் என்பது வியத்தற்குரியது.

தீயும் குலைவும்

இவ்வொழுங்கு ஓரிரவில் குலைந்தது. 1709-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9-ஆம் நாள் நள்ளிரவில் குருமனை முற்றும் பற்றி எரிந்தது. கருவுற்றிருந்த அம்மையார் மும்முறை வெளியேற முயன்றும் இயலாது, பின்னர்த் தீயினூடே நடந்து வெளிவந்தார். கையும் முகமும் சிறிது வெந்தன. எண்ணிப் பார்க்கையில் ஐந்து வயதுச் சிறுவன் ஜானைக் காணவில்லை. அவன் மாடிப் பலகணியில் நின்றிருந்தான். ஏணி கொணர நேரமில்லை. ஒருவன் தோளின்மேல் மற்றொருவன் ஏறி நின்று சிறுவனை வாங்கினான். அடுத்த கணம் கூரை இடிந்து விழுந்தது. நெருப்பினின்று பறிக்கப்பட்ட கொள்ளி எனத் தம்மைப் பின்னாளில் அவர் கருதியது இதனாலேயே.

வீடின்மையால் பிள்ளைகள் பல இல்லங்களில் சிதறி வாழ நேர்ந்தது. கட்டின்றித் திரிந்து, வேலையாட்களோடு பழகி, இழிந்த பாட்டுகளையும் பண்படாத பேச்சையும் அவர் கற்றனர். ஓய்வுநாள் ஒழுக்கத்தையும் மறந்தனர். பல ஆண்டு கட்டியது சில திங்களில் சரிந்தது. கோடை விடுமுறை முடிந்து திரும்பும் சிறாரைக் கண்ட ஆசிரியர் எவரும் இதனை எளிதில் உணர்வர். செங்கல்லாற் புது மனை எழுந்து குடும்பம் ஒன்றுசேர்ந்ததும், அம்மையார் மனமுடைந்து கைவிட்டாரல்லர். மீண்டும் முதலிலிருந்தே தொடங்கினார். காலையும் மாலையும் சங்கீதம் பாடும் வழக்கமும், மூத்தோர் இளையோரைக் கைப்பிடித்துச் செல்லும் வழக்கமும் இம்மறுதொடக்கத்தில் எழுந்தவையே. அம்மனை இன்றும் எப்வொர்த்தில் நிற்கின்றது. காண்போர்க்கு நினைவில்லமாய் விளங்குகின்றது.

தரங்கம்பாடியிலிருந்து வந்த ஒளி

இனி நாம் கூறப்போவது தமிழராகிய நமக்குத் தனி உவகை தருவது. 1706-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சீகன்பால்கு, புளூட்சோ என்னும் இருவர் டேனிஷ் அரசரால் அனுப்பப்பட்டுத் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்ற சிறுவரோடு சீகன்பால்கு ஐயர் தாமும் அமர்ந்து நம் எழுத்தைக் கற்ற செய்தி நம்மில் யாரும் அறியாததன்று. அவர்தம் கடிதங்கள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 1709-இல் இலண்டனில் நூலாய் வெளிவந்தன. அந்நூலின் ஒரு படி எப்வொர்த் குருமனையின் படிப்பறையில் கிடந்தது. மகள் எமிலியா அதனைக் கண்டெடுத்து அன்னைக்குப் படித்துக் காட்டினாள்.

அதனைக் கேட்ட அம்மையாரின் உள்ளம் பன்னாள் வேறொன்றை நாடவில்லை. கடல் கடந்து, மொழியறியா மக்களிடையே உயிரைப் பொருட்படுத்தாது இவர் உழைக்கின்றனர். தாமோ ஆணுமல்லர், குருவுமல்லர். எனினும் தம் இல்லத்தில் உள்ளோர்க்கு இதுவரை செய்ததினும் மிகுதியாய்ச் செய்தல் கூடுமன்றோ என்று அவர் எண்ணினார். அதுவரை அவர் தந்தது அனைவர்க்கும் பொதுவான ஒழுங்கு. இனி ஒவ்வொரு குழந்தைக்கும் அதற்கே உரிய ஒரு மாலைப்பொழுதைத் தனியே தருவதென உறுதி பூண்டார். திங்கள் மாலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்ஸி, வியாழன் ஜாக்கி எனப்பட்ட ஜான், வெள்ளி பேட்டி, சனி சார்ல்ஸ், ஞாயிறு எமிலியாவும் சூக்கியும். அவ்வேளையில் பாடமில்லை, மனப்பாடமில்லை. குழந்தையின் உள்ளத்தில் உள்ளதைக் கேட்டலும், அதன் ஐயத்தைத் தீர்த்தலும், அதனோடு ஜெபித்தலுமே உண்டு. 1712-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கணவர்க்கு எழுதிய கடிதத்தில் இவற்றை அவரே தெரிவித்தார்.

அம்மாலைப் பொழுதுகளின் பயன் யாது? இருபது ஆண்டு கழிந்தது. ஜாக்கி இப்போது ஆக்ஸ்போர்டில் லிங்கன் கல்லூரி ஆசிரியர், வயது இருபத்தெட்டு. 1732-இல் அவர் அன்னைக்கு எழுதிய கடிதத்தில், முன்னாளில் தமக்கென ஒதுக்கிய வியாழக்கிழமை மாலையின் ஒரு சிறு பகுதியை மீண்டும் தமக்குத் தரலாகாதோ, அன்று தம் அறிவை உருவாக்கிய அது இன்று தம் நெஞ்சைத் திருத்துமே என வேண்டிக்கொண்டார். ஆறு மணி நேரப் படிப்பை அவர் கேட்டாரல்லர். எட்டு மணி உறக்கத்தையும் கேட்டாரல்லர். அந்த வியாழன் மாலையையே கேட்டார். ஒழுங்கு என்னும் கலத்தில் அன்பு என்னும் பால் இருந்தமையை இதனினும் தெளிவாய்க் காட்டும் சான்று வேண்டுவதின்று.

சமையலறைச் சபை

அந்நூலின் பயன் இவ்வளவில் நிற்கவில்லை. 1711-ஆம் ஆண்டு இறுதியில் கணவர் குருமார் பேரவைக்காக இலண்டன் சென்றிருந்தார். ஞாயிறு மாலைகளில் அம்மையார் குருமனைச் சமையலறையில் பிள்ளைகட்கும் பணியாட்கட்கும் ஜெபமும் பிரசங்கமும் படித்தார். பணிச் சிறுவன் ஒருவன் தன் பெற்றோரிடம் சொல்ல, அவரும் வந்தனர். பின் முப்பது நாற்பதின்மர். பின் இருநூற்றுவர்க்கு மேற்பட்டோர். இடமின்றித் திரும்பியோரும் பலர். கோவிலில் தமக்கு வருவோரினும் சமையலறையில் கூடுவோர் மிக்கதைக் கண்ட உதவிக் குருவானவர் கணவர்க்கு முறையிட்டார். நிறுத்துமாறு கணவர் எழுதினார். அம்மையார் பணிவோடும் உறுதியோடும் மறுமொழி விடுத்தார்: நிறுத்தவேண்டுமாயின் அறிவுரையாக அன்று, தெளிவான கட்டளையாகவே எழுதவேண்டும், நியாயத்தீர்ப்பு நாளில் இந்நன்மையை விட்ட பழி தம்மைச் சாராதிருக்க அதுவே வழி என்பது அதன் கருத்து. கணவர் கட்டளையிடவில்லை. இக்கூட்டங்களை எட்டு வயது ஜானும் நான்கு வயது சார்ல்ஸும் ஒரு மூலையில் அமர்ந்து கண்டிருப்பர்.

குறைகளும் கூறவேண்டும்

நிற்க. பெரியோரைப் புகழ்வதோடு அமைவது சரித்திரமாகாது. அம்மையார் பிரம்பை நம்பியவர். ஒரு வயதுக் குழந்தையும் அடிக்கு அஞ்சவும் மெல்ல அழவும் பழகவேண்டும் என்றும், குழந்தையின் பிடிவாதத்தை முதலிலேயே அடக்கிவிட வேண்டும் என்றும் அவர் கொண்டிருந்தார். இக்காலக் கல்வியாளர் இதனை ஒப்பார், யாமும் ஒப்போம். அழுகையும் குழந்தையின் மொழியே என்பதை அவ்வீடு மறந்திருந்தது.

அன்றியும், அவ்வீட்டில் விளைந்த பயன் அனைவர்க்கும் ஒருபடித்தாய் அமையவில்லை. ஆண்மக்கள் மூவரும் ஆக்ஸ்போர்டு சென்றனர். பெண்மக்களுட் பலர் அவரோடொத்த அறிவுடையராயிருந்தும் வறுமையிலும் பொருந்தா மணங்களிலும் துன்புற்றனர். எமிலியா பள்ளி நடத்திப் பிழைத்தாள். எல்லாரினும் கவித்திறம் மிக்கவள் ஹெட்டி. சிறுமியாய் இருந்தபோதே கிரேக்க மொழியில் புதிய ஏற்பாட்டைப் படித்தவள். 1725-இல் அவள் ஒருவனை நம்பி வீடு விட்டகன்று ஏமாந்து திரும்பினாள். தன் கல்விக்கும் இயல்புக்கும் ஒவ்வாத ஒருவரை மணக்க நேர்ந்தது. தந்தையார் அவளை இறுதிவரை மன்னித்தாரல்லர். ஒப்புக்கொண்டவர்க்குத் தண்டனை இல்லை என்றும், ஒரு பிழைக்கு இருமுறை தண்டனை இல்லை என்றும் சட்டம் வகுத்த வீட்டிலேயே, அச்சட்டம் தேவைப்பட்ட நாளில் மறக்கப்பட்டது! அதனை மறவாதவர் ஒருவர் இருந்தார். 1726-இல் ஜான், தந்தையார் வெகுள்வார் என அறிந்தும், அவர்தம் சபையிலேயே நின்று, பிழைத்தோரிடம் காட்டவேண்டிய அன்பைக் குறித்துப் பிரசங்கித்தார். செவ்வாய்க்கிழமைக் குழந்தைக்காக வியாழக்கிழமைக் குழந்தை பரிந்து பேசியது என யாம் இதனைக் கருதுகின்றோம். அன்னை கற்பித்த பாடத்தை மகன் அன்னையின் வீட்டிற்கே திருப்பிக் கற்பித்தார்.

இறுதிக் காலம்

1735-ஆம் ஆண்டு ஏப்ரலில் கணவர் காலமானார். அம்மையார் குருமனையை விட்டு மக்கள் இல்லங்களில் மாறி மாறி வாழ்ந்தார். அவ்வாண்டிலேயே ஜானும் சார்ல்ஸும் அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியாவுக்குத் தொண்டாற்றப் புறப்பட்டனர். கைம்பெண்ணாகிய தாய் தடுக்கவில்லை. ஆக்ஸ்போர்டில் அவர் நடத்திய ஒழுங்கான வாழ்வைக் கண்டு பிற மாணவர் ஏளனமாய் இட்ட பெயரே மெதடிஸ்டு என்பது. முறைமைக்காரர் என்பது பொருள். எப்வொர்த் வீட்டை அறிந்தார்க்கு அம்முறைமை எங்கே பிறந்ததென வினவவேண்டுவதில்லை.

இறுதி ஆண்டுகளை அம்மையார் இலண்டனில் ஜான் நிறுவிய பவுண்டரி என்னும் இடத்தில் கழித்தார். தாமஸ் மாக்ஸ்பீல்ட் என்னும் இளைஞர் குருப்பட்டமின்றிப் பிரசங்கித்தமை கேட்டு ஜான் வெகுண்டு வந்தபோது, முதலில் அவர் பேச்சைக் கேட்டு, அதன் பயனை ஆராய்ந்து, பின்னர் முடிவு செய்க என மகனை அமைதிப்படுத்தியவர் இவ்வன்னையே. சமையலறையில் தாம் பேசியபோது பிறர் தடுத்ததை அவர் மறந்திலர் போலும். 1742-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 23-ஆம் நாள், தம் ஆவி பிரிந்ததும் துதிப்பாடல் பாடுமாறு மக்களிடம் கூறி, அமைதியாய்த் துஞ்சினார். பன்ஹில் பீல்ட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் பெற்றது. பிள்ளை வளர்ப்பைப் பற்றி அவர் எழுதிய கடிதத்தை ஜான் தம் நாட்குறிப்பில் சேர்த்து வெளியிட்டார். சார்ல்ஸ் இயற்றிய பாடல்கள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவை.

வெஸ்லியின் வழிவந்த ஊழியர்கள் 1814-இல் இலங்கை சேர்ந்தனர். அவருட் சிலர் யாழ்ப்பாணம் சென்றனர். 1817-இல் ஒருவர் சென்னை வந்தார். அவர்கள் திறந்த பள்ளிகளில் எத்துணைத் தமிழ்ச் சிறார் எழுத்தறிந்தனர்! தரங்கம்பாடியிலிருந்து ஒரு நூல் வழியாய் எப்வொர்த் சென்ற ஒளி, நூறாண்டு கழித்துத் தமிழ்நாட்டுக்கே திரும்பிற்று.

முடிவுரை

தோற்றுவாயில் எழுப்பிய வினாக்கட்கு இனி விடை கூறலாம். வீட்டிற்கு ஒழுங்கு வேண்டும். ஆனால் அஃது அன்பு தங்குதற்குரிய கலமாதல் வேண்டும். கலமின்றேல் பால் சிந்தும். பாலின்றேல் கலம் வெறுங்கலமே. கோடை நாளில் நம் வீட்டுச் சிறார்க்கு ஆறு மணி நேரப் படிப்பு வேண்டுவதில்லை. பிரம்பு வேண்டவே வேண்டா. நாள் ஒரு பாட்டோடு தொடங்கி ஒரு பாட்டோடு முடியட்டும். உண்ணவும் உறங்கவும் படிக்கவும் ஆடவும் ஒவ்வொரு வேளை அமையட்டும். மூத்தவர் இளையவரின் கைப்பிடித்து ஓர் அதிகாரம் படிக்கட்டும். குழந்தைகள் பலராயினும், வாரத்தில் ஒரு மாலை ஒவ்வொரு குழந்தைக்கும் உரியதாகட்டும். தாய்மார்க்கு அடுப்படியில் ஓய்வில்லையெனின், கல்லூரியிலிருந்து வீடு திரும்பும் நாம் எற்றுக்கு இருக்கின்றோம்?

யாம் ஒன்று துணிந்துள்ளோம். வரும் கோடையில் நூற்பெட்டியைச் சிறிது குறைத்துக்கொண்டு ஊர் செல்வோம். எம் வீட்டுக் கடைக்குட்டிக்கு ஒவ்வொரு வியாழன் மாலையும் உரியதாகும். அன்று அக்குழந்தை பேசும், யாம் கேட்போம். இருபதாண்டு கழித்து அக்குழந்தை எம்மிடம் அம்மாலையைத் திரும்பக் கேட்குமாயின், எம் கல்வி பயனுற்றதென மகிழ்வோம். தோழர்களே, நீவிரும் வாரத்தில் ஒரு மாலையைத் தேர்ந்துகொள்வீராக.